நாலாயிரம் பேருக்கு அடியில்

புகார்ப் புத்தகத்தைத் தாரணியைப் போல ஆசையாகப் படிக்கிற ஊழியர் வேறு எந்த அலுவலகத்திலும் இருந்திருக்க முடியாது. காலையில் வந்ததும் மற்றவர்கள் காபி மெஷினைத் தேடிப் போவார்கள். அவள் வரவேற்பு மேஜைக்குப் போய், முந்தின நாள் புகார்களை வாங்கி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிதானமாகப் படிப்பாள். சிலவற்றை இரண்டு முறை படிப்பாள். எப்போதாவது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்கள்.

“எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை காபிதான். இப்போது டீ வேண்டுமாம், அதுவும் இஞ்சி தட்டிப் போட்டு.”

“எங்கள் மாமியார் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், பாக்கலாம்’ என்கிறார். அவர் எதையும் தள்ளிப்போடுகிற பெண்மணி அல்ல. உடனடியாகச் சரிசெய்யவும்.”

இப்படி மாதத்துக்கு முப்பது நாற்பது வரும். கோயம்புத்தூர் சரவணம்பட்டியைத் தாண்டி, ஜன்னலே இல்லாத ஏழு மாடிக் கட்டடம் அது. ஊரில் எல்லோரும் காப்பகம் என்பார்கள். உயிரோடு இருக்கும்போதே மனதைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுச் செத்துப்போனவர்கள், நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர், அங்கே கோப்புகளாக இருந்தார்கள். வீட்டார் வந்தால் ஓர் அறையில் திரை போட்டு எழுப்பிவிடுவார்கள். பேசலாம், அழலாம், மிச்சம் வைத்த சண்டையை முடிக்கலாம். பேசியதையெல்லாம் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இந்தக் கோப்புகளைக் கெடாமல் பார்த்துக்கொள்வது தாரணியின் வேலை. அதோடு, புரியாமல் வந்து நிற்கிறவர்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லி அனுப்புகிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

அன்று வந்து நின்றவர் அவினாசிக்காரர், அர்த்தநாரி என்று பெயர். விசைத்தறி ஓட்டியவர். மனைவி போய் இரண்டு வருஷம்.

“ஏனுங்க, உள்ள இருக்கறது எம்பட சம்சாரந்தானுங்களா?”

“அவங்கதானுங்க. என்ன ஆச்சு?”

“அவளுக்கு மோட்டார் சத்தமே ஆகாது. நான் தறி போட்டா காதுல பஞ்ச வெச்சுக்குவா. போன ஞாயித்துக்கெழம கீழ ஜெனரேட்டர் ஓடுச்சுங்க. பேசிட்டே இருந்தவ சட்டுனு நிறுத்திட்டு, ‘பெல்ட்டு லூசா இருக்குது’ங்கறா. எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சுங்க.”

தாரணி முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டாள். “ஒக்காருங்க, சொல்றேன். ஒரு மனுசங்கிட்ட பாதிக்கு மேல எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. நடக்கறது, சூடு பட்டாக் கைய இழுக்கறது, வாயத் தொறந்தாத் தமிழ் வர்றது. இதையெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வெச்சா இந்தக் கட்டடமே பத்தாது. அதனால ஒரே ஒருத்தர முழுசா எடுத்து அடியில வெச்சிருக்கறோம். மத்தவங்களுக்கெல்லாம் அவர்கிட்ட இருந்து எங்கெங்க வித்தியாசமோ, அத மட்டும் எழுதி மேல வெச்சிருக்குது.”

“செரி.”

“உங்க சம்சாரம் மோட்டாரப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சுக்கல. அப்ப அந்த எடம் காலியா இருக்குமில்லீங்களா? காலியான எடத்துல அடியில இருக்கறவரு தெரிவாரு.”

அர்த்தநாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஆம்பளைங்களா?”

“ஆமாங்க.”

“ஆரு அவரு?”

“அதச் சொல்லக்கூடாதுங்க.”

“கெட்டவனெல்லாம் இல்லீங்களே?”

“இல்லீங்க,” என்றாள் தாரணி. “கொஞ்சம் பேச மாட்டாரு. அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு, அவர் எழுதிக் கொடுத்திருந்த புகாரை எடுத்து மேஜை டிராயரில் வைத்தாள். பெல்ட் லூஸ் என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது அவளுக்குத் தெரிந்து ஒருவனுக்குத்தான் உண்டு. அவனோடு அவள் பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

பூபதி அந்தக் கட்டடத்தின் ஜெனரேட்டர் ஆபரேட்டர். காப்பகம் தொடங்கிய புதிதில், ஆரோக்கியமான, நிதானமான, நாற்பது தாண்டாத ஆள் ஒருவர் அடிக்கோப்புக்கு வேண்டும் என்று பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் கூடிப் பேசி, கடைசியில் கீழ்த்தளத்தில் கிரீஸ் கையோடு இருந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவனும் ஆகட்டும் என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து வந்த நன்றிக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் தாரணிக்கே விஷயம் தெரியும். அந்த வருஷக் கார்த்திகையிலேயே அவனுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது. இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்புறம் போய்விட்டான்.

அவன் போன ஆறாவது மாதம் தாரணி, தான் பார்த்துக்கொண்டிருந்த நூற்பாலை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, காப்பகத்தில் வந்து நின்றாள். பிலோமினா மேடம்தான் அப்போதும் மேலாளர். ஏன் இங்கே என்று கேட்டார். அவரு இங்கதான் இருக்கறாருங்க என்றாள். பிலோமினா மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“வேலை தர்றேன். ஆனா அவரை நீ எழுப்பக் கூடாது. அந்தக் கோப்புல ஒரு எழுத்து மாறினாலும் மேல இருக்கிற எல்லாரும் குழம்பிருவாங்க.”

“அவரு மேல ஒரு காலிக் கோப்பு போட்டு எழுப்புனா? மாறுறதெல்லாம் அந்தக் கோப்புக்குத்தான போகும், மேடம்? அடியில ஒண்ணும் ஆகாதே.”

“ஆகாது. உனக்கு வேலை தெரியுது. ஆனா இத்தனை பேர் உன் மேல உக்காந்திருக்காங்கன்னு அந்த மனுஷன்கிட்ட யாரு சொல்றது? வேற ஊர்க் காப்பகத்துல அடியில இருந்த ஒரு அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்தாங்க. அந்தம்மா ஒரு நாள் பூரா கத்துனாங்களாம். அதுக்கப்புறம்தான் விதியே வந்துச்சு. மேல ஒரே ஒருத்தர் இருந்தாலும் கீழ இருக்கிறவரை எழுப்பக் கூடாது.”

பதினோரு வருஷம் தாரணி அந்த விதியை மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். செத்துப்போன அப்பாவிடம் மார்க் ஷீட் காட்டுவார்கள், கல்யாணப் பத்திரிகையைத் திரைக்கு முன்னால் பிடிப்பார்கள், அறை வாசலில் அடுத்த ஆள் அவசரப்படுத்துவார். அத்தனை பேரும் யாராவது ஒருவரைப் பார்க்க வந்தவர்கள். அத்தனை பேருக்கும் அடியில் இருக்கிறவனைப் பார்க்க வந்தவள் மட்டும் புகார்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தனிமை பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்வாள். பழகவில்லை. கணபதி பகுதியில் இருந்த தன் வீட்டுக்குப் போய் விளக்கைப் போடும்போது தினமும் புதிதாகத்தான் இருந்தது.

அவர்களிடமெல்லாம் அவள் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. பதிவு செய்த தேதிக்கு அப்புறம் நடந்தது எதுவும் அவங்களுக்குத் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லோணும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தாள். பேரன் பிறந்தது தெரியாத தாத்தாவிடம் கோபித்துக்கொண்டு போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்து சமாதானம் பண்ணியிருக்கிறாள்.

புகார்கள்தான் கடைசியில் வினையாக முடிந்தன. எங்கள் அப்பாவுக்குள் வேறொரு ஆள் இருக்கிறார் என்று ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. இறந்தவர் எவரையும் இன்னொருவர் மேல் ஏற்றி வைக்கக் கூடாது, ஒவ்வொருவரும் முழுதாகத் தனியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் புதுச் சேமிப்பு இயந்திரங்களும் வந்துவிட்டன. இடத்துக்குப் பஞ்சமில்லை. அடிக்கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டதையெல்லாம் அவரவர் கோப்பிலேயே எழுதிக் கொடுத்துப் பிரித்துவிட வேண்டியதுதான். வேண்டாத பழக்கத்தைப் பிறகு குடும்பத்தாரே சொல்லித் துடைத்துக்கொள்ளலாம். ஆபீஸில் இந்த வேலைக்குத் தனிக்குடித்தனம் என்று பெயர் வைத்தார்கள். இன்னிக்கு எத்தனை பேரு தனிக்குடித்தனம் போனாங்க என்று டீ நேரத்தில் கேட்டுக்கொள்வார்கள்.

தாரணிதான் எல்லோரையும் பிரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர். அர்த்தநாரியின் மனைவி போனாள். இஞ்சி டீ அப்பா போனார். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அடிக்கோப்பின் எண்ணும் அது எடுக்கப்பட்ட தேதியும் இருக்கும்: ஆகஸ்ட் பத்தொன்பது. அதை அழித்து, ‘சார்பு இல்லை’ என்று எழுத வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் தடவை அந்தத் தேதியை அவள் பார்த்தாள்.

கடைசியில் ஒருவர் மிஞ்சினார். ஓய்வுபெற்ற தாசில்தார். ஆறு வருஷமாக அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. அவரைப் பிரிக்காமல் மூன்று நாள் வைத்திருந்தாள். நான்காம் நாள் காலை பிலோமினா மேடம் அவள் மேஜையருகே வந்து நின்றார்.

“ஏன் தாரணி அந்தத் தாசில்தாரை மட்டும் வெச்சிருக்கே?”

“அவரும் போயிட்டா அடியில இருக்கற கோப்புக்கு வேலை இல்லீங்களே மேடம்.”

“ஆமா. சொந்தக்காரங்க உரிமை கேட்டா அவங்களுக்கு. கேக்கலைன்னா முப்பது நாள்ல அழிச்சிருவாங்க.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “சொந்தக்காரி நீதானே? தாசில்தாரைப் பிரிச்சு விடு. விதி முடிஞ்சு போச்சு. முப்பது நாளுக்குள்ள நீ எத்தனை தடவை வேணும்னாலும் எழுப்பிப் பேசலாம். பேசிட்டு உரிமைப் படிவத்தைக் கொடு. இதுக்குத்தானே பதினோரு வருஷம் இருந்தே?”

இதற்குத்தான் இருந்தாள். அன்று மத்தியானம் தாசில்தாரைப் பிரித்தாள். அடிக்கோப்பின் மேல் யாரும் இல்லை என்று திரையில் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்றாம் அறையை எடுத்துக்கொண்டாள். மாம்பழக் கலரில் புதுச் சேலை. கட்டும்போது வெட்கமாகத்தான் இருந்தது, ஐம்பது வயதில் இதென்ன என்று. கோப்பின் மேல் ஒரு காலிக் கோப்பைப் போட்டு எழுப்பும் பொத்தானை அமுக்கினாள்.

திரையில் பூபதி கண்ணைத் திறந்தான். முப்பத்தொன்பது வயசு. கன்னம் உப்பி, தோள் நிமிர்ந்து, காப்பகச் சீருடைச் சட்டையில் ஒரு கிரீஸ் கறையோடு. நோய் வருவதற்கு முந்தின உடம்பு எப்படி இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவன் முதலில் அறையைச் சுற்றிப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். நரைத்த தலையையும் கண்ணாடியையும் பார்த்தான்.

முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. எழுப்புகிறவர் யாராக இருந்தாலும் வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“நீங்க எறந்துட்டீங்க. இது உங்க பதிவு,” என்றாள்.

“ஆகட்டும்,” என்றான் பூபதி. “எப்போ?”

“பதினோரு வருசம் முன்னால. கிட்னிங்க.”

அவன் தலையாட்டினான். யாரோ தூரத்து உறவுக்காரன் செய்தியைக் கேட்டது போலத்தான் இருந்தான். மறுபடி அவளைப் பார்த்தபோது அந்தப் பார்வையில் ஒரு சங்கடம் இருந்தது.

“நீ எதுக்கு வந்தே, தாரணி? வக்கீலு ஏதாவது கையெழுத்துக் கேட்டாரா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த வக்கீல் என்று கேட்க வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஆகஸ்ட் பத்தொன்பது அவளுக்கு ஞாபகம் வந்தது, கோப்பின் தலைப்பில் இருக்கிற எண்ணாக இல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமையாக.

அந்த ஆகஸ்டில் அவர்கள் பேசிக்கொள்வதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. பெரிய சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தினார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் கட்டியாயிற்று என்று ஃபிரிட்ஜ் மேல் சீட்டு எழுதி ஒட்டினார்கள். அவன் துடியலூரில் ஓர் அறை பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். அங்கே குடியிருந்த ஆள் செப்டம்பர் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தான். வக்கீலையும் போய்ப் பார்த்திருந்தான். அது எதுவும் நடக்கவில்லை. அறை காலியாகத் தாமதமானது, அதற்குள் நோய் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அந்த நாலு மணி நேரப் படுக்கையில் பேச ஆரம்பித்தான். தாரணி பதினோரு வருஷமாக நினைத்து ஏங்கியது அந்த மனிதனை. அவனை யாரும் பதிவு செய்யவில்லை.

ஊரெல்லாம் கூப்பிட்டுப் பதிவுத் தேதி, பதிவுத் தேதி என்று பாடம் எடுத்தவளுக்கு இது தோன்றவே இல்லை. தோன்ற அவள் விடவில்லை என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

“வக்கீலெல்லாம் இல்லீங்க,” என்றாள். “நீங்க தொடியலூருக்குப் போகவே இல்ல.”

“போகலியா?”

“கார்த்திகைல உங்களுக்கு முடியாமப் போச்சு. நான் கூடவே இருந்தேன். ரெண்டு வருசம். நாம பேசுனோம்ங்க. எல்லாத்தையும் பேசுனோம்.” அவள் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். “ஊசி போட்ட கைய அசைக்கக் கூடாதுன்னு, இன்னொரு கையில ஃபோனைப் பிடிச்சுட்டு எனக்குப் படம் காமிப்பீங்க. எதிர் பெட்டுக்காரர் கொறட்டைய நடிச்சுக் காட்டுவீங்க. சாப்பாட்டுல உப்பே கூடாதுன்னு சொன்னதுக்கு அந்த டாக்டருக்கு உப்புச்சப்பில்லாதவருன்னு பேரு வெச்சீங்க.”

பூபதி சிரித்தான். சிரித்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டவன் போல நிறுத்திக்கொண்டான்.

“நான் உங்கிட்ட மன்னிப்பு ஏதாச்சும் கேட்டனா?”

“கேட்டீங்க.”

“என்னன்னு?”

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “‘உன்ன ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டுத் தனியா உட்டுட்டேன், அம்மணி’ன்னு.”

அவள் நிமிர்ந்தபோது அவன் உதடு லேசாக அசைந்தது; அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நல்லவனா இருந்திருக்கான்,” என்றான். “எனக்கு அவனத் தெரியாது, தாரணி. வேணும்னா சொல்லு, இப்பவும் அதையே சொல்றேன். உனக்குப் பிரயோசனப்படும்னா.”

“வேண்டாங்க.”

“கோவமா?”

“இல்லீங்க. உங்களுக்கு அது வராது. சொன்னா ஒப்பிக்கற மாதிரி இருக்கும்.”

அவன் தலையாட்டினான். பொய் சொல்லாமல் இருப்பதில் எந்த வயசிலும் அவன் கெட்டி. பிறகு, ஜெனரேட்டர் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டான். “என்னய அடியில வெச்சு ஆளுகள ஏத்தப் போறோம்னாங்களே, ஏத்துனாங்களா?”

“நாலாயிரத்து எரநூறு பேருங்க.”

“அட சாமி.” அவன் கையைத் தலையில் வைத்துக்கொண்டான். “நான் ஒரு ரூமு பாத்து வெச்சுட்டு, ஒத்தையா இருக்கோணும்னு நாள எண்ணிட்டிருந்தவன். எந்தலையில நாலாயிரம் பேரா? இப்பவும் இருக்கறாங்களா?”

“இல்லீங்க. நேத்து மத்தியானம் கடைசி ஆளும் போயாச்சு. இப்ப யாருமில்ல.”

“அப்பாடா,” என்றான் பூபதி.

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அந்த ஒரு நிமிஷம் யார் பார்த்தாலும் புருஷன் பெண்டாட்டி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தத் தைரியத்தில் அவள் கேட்டாள்.

“உரிமைப் படிவம் வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டா நீங்க எங்கிட்டயே இருக்கலாம். தெனமும் பேசலாம். அப்பவும் ஆரம்பத்துல எனக்குங்கூட உங்களப் புடிக்கல. அப்புறம் வந்துச்சில்லீங்களா? இப்பவும் கொஞ்ச நாள்ல…”

“தாரணி.” கோபமில்லாமல்தான் நிறுத்தினான். “நோவு வந்துதான நம்மள உக்கார வெச்சுப் பேச வெச்சுது? எனக்கும் அதக் குடுத்துத்தான் என்னய அவனாட்டம் ஆக்கப் போறியா?”

தாரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நீ கேக்கறது அந்த ஆள. நான் இங்க இருந்தா, தெனமும் எம்மூஞ்சியப் பாத்து அவனத் தேடுவே. நானும் தெனமும் அவனில்லன்னு உக்காந்திருக்கோணும். ரெண்டு பேரும் மறுக்கா ஒரு ஊட்டுக்குள்ள பேசாம கெடப்போம். எனக்கு வேண்டாம். என்னய விட்டுரு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். இன்னொருக்கா எழுப்பவும் வேண்டாம்.”

மிச்சமிருந்த நேரம் அவர்கள் அதிகம் பேசவில்லை. அவள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். போய்விட்டாள் என்று சொன்னாள். கணபதி வீட்டில் மேல்தளம் ஒழுகியதே என்றான். சரி செய்துவிட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் முடிந்தபோது அவன் கையைத் தூக்கினான். பஸ்ஸில் ஏறப்போகிற ஆள் தெரிந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரியான ஒரு கையசைப்பு. திரை இருண்டது.

உடனே கேள்வி வந்தது: இந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்கவா? தாரணி யோசித்துப் பார்த்தாள். சேமித்துவிட்டு, விட்டுரு என்று சொன்னவனைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது. வேண்டாம் என்பதை அமுக்கினாள். மேல்கோப்பு அழிந்தது. பூபதி மறுபடியும் ஆகஸ்ட் பத்தொன்பதுக்குப் போனான். நாற்காலியில் உட்கார்ந்தவன், சட்டையில் கிரீஸ், செத்தது தெரியாது, அவள் வந்ததும் தெரியாது.

எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்கு எதுவும் தெரியாது. இன்னொரு முறை எழுப்பலாம். இருபத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறது. இந்த முறை வக்கீல் பேச்சு வருமுன்னே வேறு மாதிரி ஆரம்பிக்கலாம். ஊரைப் பற்றி, வேலையைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டு, மெதுவாகச் சொல்லலாம். மன்னிப்பு வாக்கியத்தைச் சொல்லாமல் மறைக்கலாம். அவனாகவே அந்த இடத்துக்கு வருகிற மாதிரி பேச்சைக் கொண்டுபோகலாம். தப்பாகப் போனால் சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பத்து தடவை, நூறு தடவை. அவன் எப்போதும் முதல் தடவை போலத்தான் கண்ணைத் திறப்பான். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டிக்காரி ஆகியிருப்பாள். இருக்கிறேன் என்று அவன் வாயாலேயே ஒரு நாள் சொல்ல வைத்துவிடலாம். அதைச் சேமித்துக்கொண்டால் போதும்.

விரல் பொத்தானுக்குப் போனது. பொய்யில்லை, போனது. பதினோரு வருஷம் காத்திருந்த ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்ததற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். நேரே முகத்தைப் பார்த்து, கோபமில்லாமல், தெளிவாகச் சொல்லியிருந்தான். அப்படிச் சொன்னது அவனுக்கே இப்போது தெரியாது. எந்தக் கோப்பிலும் அது இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது தெரியும். அந்த ஆளும் தெரியாதது போல நடந்துகொண்டால் அவன் அதைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். தாரணி விரலை எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். அறை ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை, நன்றாக அழுதாள்.

பிலோமினா மேடம் அறையில் தனியாகத்தான் இருந்தார். சிவந்த கண்ணைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பேசினியா? என்ன சொன்னார்?”

“நல்லா இருக்காருங்க, மேடம்.”

“உரிமைப் படிவம்?”

தாரணி கையிலிருந்த படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “அது வேண்டாங்க. நீக்கற படிவம் ஒண்ணு குடுங்க. நானே எழுதித் தர்றேன்.”

பிலோமினா மேடம் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கோப்பு எண் எழுதினாள். பதிவுத் தேதி எழுதினாள். சார்ந்திருப்பவர்கள் என்ற கட்டத்தில் சுழியம் போட்டாள். உரிமை கோரும் உறவினர் என்று இருந்த இடத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, விசாரித்து உறுதி செய்தவர் என்ற வரியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.